உளியும் உள்ளமும்

நுழையும்முன்

நூறு முறை பிழையின்றிச் செய்த ஒரு செயல், பலர் காணும் வேளையில் தடுமாறுவது ஏன்? கற்றது மறந்துபோகிறதா, கவனம் இடம்மாறிப் போகிறதா? மன அழுத்தமும் கவனமும் திறன்மிகு செயலை எவ்வாறு ஆக்குகின்றன, எவ்வாறு அழிக்கின்றன என்பதை அறிவியல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறது. அவ்வாய்வின் விளைவுகளுள் ஒன்றாகிய மெய்நிகர் பயிற்சி இன்று அறுவை அரங்கம்வரை எட்டியுள்ளது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பியின் உளிமுனையிலிருந்து தொடங்கி அந்த உண்மைகளை விளக்குகிறது இப்பாடம்.

மலையடிவாரத்துக் கலை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன் மலை. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இருபிரிவாக வழங்கும் இம்மலையில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையை ஒட்டி ஏறும் சாலை வளைந்து வளைந்து வெள்ளிமலையைச் சென்றடைகிறது. மழைக்காலத்து மூடுபனியில் அச்சாலையில் பேருந்தைச் செலுத்தும் ஓட்டுநர், ஒவ்வொரு வளைவிலும் ஒரு கணத்தில் பல முடிவுகளை எடுக்கிறார். எதிர்வரும் வண்டி, ஈரமான சாலை, பள்ளத்தின் விளிம்பு, பயணிகளின் பேச்சு எனப் பலவும் அவரது கவனத்தைத் தம்பால் இழுக்கின்றன. அவற்றுள் எது வேண்டுவது, எது வேண்டாதது எனத் தேர்வதே அவரது திறன்.

மலையடிவாரத்துச் சமவெளியில் மற்றொரு திறன் வளர்ந்துள்ளது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சி, மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற ஊர். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. தெய்வ உருவங்களும், கதவு நிலைகளின் பூவேலைகளும், இல்லங்களை அணிசெய்யும் பொருள்களும் இங்குள்ள கைவினைஞர்களின் உளியில் உருப்பெறுகின்றன.

மரச்சிற்பத்தில் ஓர் இரக்கமற்ற விதி உண்டு: செதுக்கியதை மீண்டும் ஒட்ட இயலாது. களிமண்ணில் பிழை நேர்ந்தால் பிசைந்து திருத்தலாம். ஓவியத்தில் பிழை நேர்ந்தால் மேற்பூச்சால் மறைக்கலாம். மரத்தில் உளி ஓர் அரைக்கால் விரற்கடை விலகினாலும், பல நாள் உழைப்பில் உருவான முகம் பாழாகும். கொட்டாப்புளியின் ஒவ்வோர் அடியும் திரும்பப் பெற முடியாத சொல்லைப் போன்றது. எனவே, பெரும்பகுதி வேலை முடிந்த பின்னர் முகத்தில் கண்ணைச் செதுக்கும் வேளையே சிற்பிக்குக் கடினமான வேளை. கை அதே கைதான். உளியும் அதே உளிதான். ஆயினும், இழப்பதற்கு இப்போது மிகுதியாக உள்ளது. அந்த அறிவு கையில் நடுக்கமாக இறங்குமா, கூர்மையாக இறங்குமா என்பதே வினா.

பழகிய கை

ஒரு தொழிலைப் புதிதாகக் கற்பவர் ஒவ்வொரு படியையும் எண்ணிச் செய்கிறார். உளியை எந்தச் சாய்வில் பிடிப்பது, எவ்வளவு விசையில் தட்டுவது, மரத்தின் ரேகை எப்பக்கம் ஓடுகிறது என்பன யாவும் அவரது உடனடி நினைவை நிரப்பிவிடுகின்றன. ஒரே நேரத்தில் சில செய்திகளை மட்டுமே தாங்கக்கூடியது அந்நினைவு. ஆகவே, கற்பவரின் செயல் மெதுவாகவும் தயக்கத்துடனும் அமைகிறது.

பயிற்சி பெருகப் பெருக, தனித்தனியாக இருந்த படிகள் ஒன்றிணைந்து ஒரே அசைவாகின்றன. மிதிவண்டி ஓட்டப் பழகியவர் சமநிலையைப் பற்றி எண்ணுவதில்லை. எழுதப் பழகியவர் எழுத்தின் வளைவைப் பற்றி எண்ணுவதில்லை. செயல் தன்னியல்பாகிவிட்டதால் உள்ளம் விடுதலை பெறுகிறது. அந்த விடுதலை பெற்ற கவனத்தைக் கொண்டே தேர்ந்த சிற்பி, மரத்தில் ஒளிந்திருக்கும் கணுவை உளியோசையின் மாற்றத்தால் முன்னரே உணர்கிறார். திறன் என்பது கவனமின்றிச் செய்வதன்று. கவனத்தைச் சிறியவற்றிலிருந்து விடுவித்துப் பெரியவற்றில் செலுத்துவது.

அழுத்தம் என்னும் நெருப்பு

ஆபத்து என மூளை உணர்ந்தவுடன் உடல் போருக்கு ஆயத்தமாகிறது. அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகியவற்றைச் சுரக்கின்றன. இதயத் துடிப்பு விரைவுபெறுகிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. காட்டு விலங்கிடமிருந்து தப்பி ஓட இம்மாற்றங்கள் உதவும். ஆனால், மெல்லிய கோட்டில் உளியை நகர்த்தும் விரல்களுக்கு இறுகிய தசை பகை.

அழுத்தம் முற்றிலும் தீயதா? அமெரிக்க உளவியலாளர்களான இராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் ஆகியோர் 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. எலிகள் இரு பாதைகளை வேறுபடுத்தி அறியக் கற்பிக்கப்பட்டன. தவறான பாதையில் செல்லும்போது மின்னதிர்ச்சி தரப்பட்டது. எளிய பணியில் அதிர்ச்சி மிகுந்தபோது எலிகள் விரைந்து கற்றன. கடினமான பணியிலோ நடுத்தரமான அதிர்ச்சியே சிறந்த பயனைத் தந்தது. அதற்கு மேற்பட்டபோது கற்றல் தளர்ந்தது. அழுத்தமே இல்லாத நிலையில் ஊக்கம் குன்றும். அளவு கடந்தால் நுண்மை குன்றும். பணி எவ்வளவு நுட்பமானதோ அவ்வளவு விரைவில் அழுத்தம் அதைச் சிதைக்கும் என்பது இதன் சாரம். அடுப்பின் நெருப்பு சோற்றையும் சமைக்கும், கூரையையும் எரிக்கும். அளவே வேறுபாடு.

இவ்வுண்மையின் ஒரு முகத்தைத் தமிழ் மரபு நெடுங்காலம் முன்னரே கண்டிருந்தது. கற்ற நூல்கள் பலவாயினும் அவைக்கு அஞ்சுவோர்க்கு அவற்றால் பயனில்லை என்னும் கருத்தை விளக்கத் திருவள்ளுவர் 'அவையஞ்சாமை' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அறிவு ஒன்று, அதை அவையில் வெளிப்படுத்தும் துணிவு மற்றொன்று; இரண்டையும் தனித்தனியே வளர்க்க வேண்டும் என்பது அங்கே உள்ளுறையாக நிற்கிறது.

கவனம் என்னும் விளக்கு

கவனம் இருளில் ஏந்திய கைவிளக்கைப் போன்றது. ஒளி விழும் இடம் தெளிவாகத் தெரியும். பிற இடங்கள் கண்முன் இருந்தும் காணப்படா. 1999ஆம் ஆண்டில் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் ஆகிய இருவர் நடத்திய சோதனை இதனை வியப்புறும் வகையில் காட்டியது. கூடைப்பந்தை ஒருவருக்கொருவர் எறிந்துகொள்ளும் குழுவினரின் காணொளியைக் காட்டி, வெள்ளை உடையணிந்தோர் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகின்றனர் என எண்ணுமாறு பார்வையாளர்களிடம் கூறினர். இடையில் கொரில்லா வேடமணிந்த ஒருவர் நடுவே வந்து மார்பில் தட்டிக்கொண்டு சென்றார். பார்வையாளருள் ஏறத்தாழப் பாதிப் பேர் அவ்வுருவத்தைக் காணவே இல்லை.

அழுத்தம் இவ்விளக்கை இருவகையில் திசைதிருப்புகிறது. முதலாவது, கவலையின் பக்கம். 'தோற்றுவிட்டால் என்ன ஆகும்' என்னும் எண்ணம் உடனடி நினைவில் இடம்பிடித்துக்கொள்வதால், கணக்கிடுதல் போன்ற சிந்தனைப் பணிகளுக்கு இடம் போதாமல் போகிறது. இரண்டாவது, செயலின் உள்ளே. தன்னியல்பாக இயங்கும் கையின் ஒவ்வோர் அசைவையும் மேற்பார்வையிட உள்ளம் முற்படுகிறது.

இந்த இரண்டாவது வகையை உளவியலாளர் சையன் பைலாக்கும் அவர்தம் குழுவினரும் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் விளக்கினர். கோல்ஃப் ஆட்டத்தில் தேர்ந்தோர் தம் கையசைவின்மீதே கவனம் வைத்தபோது, வேறோர் ஒலியைக் கேட்டவாறு ஆடியதைவிடத் தாழ்வாகவே ஆடினர். புதியவர்களுக்கோ இதற்கு நேர்மாறாக, தம் அசைவில் கவனம் வைத்ததே நன்மை தந்தது. கற்கும்போது உதவிய ஊன்றுகோல், கற்றபின் காலை இடறிவிடுகிறது. எனவே, தேர்ந்த சிற்பி கண்ணைச் செதுக்கும் வேளையில் பார்க்க வேண்டியது தன் விரலை அன்று. உளிமுனை தொட்டுச் செல்லவேண்டிய கோட்டை. கவனத்தைக் குறைக்க வேண்டியதில்லை. அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

கவனத்தைப் பயிற்சியால் வளர்க்க இயலும் என்பதற்குத் தமிழகத்தின் அவதானக் கலை சான்றாகும். ஒரே அவையில் பலர் தொடுக்கும் பல்வேறு வினாக்களுக்கும் விடையளித்து, கவிதை புனைந்து, கணக்கிட்டு, நடுவே எழும் இடையூறுகளையும் நினைவில் நிறுத்திக் காட்டுவது அவதானம். நூறு செயல்களை இவ்வாறு செய்துகாட்டுவது சதாவதானம். குமரி மாவட்டம் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா அரங்கில் அறிஞர்கள் முன்னிலையில் இதனை நிகழ்த்திச் 'சதாவதானி' எனப் பாராட்டப்பெற்றார்.

ஒரு நகர்வு

2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் உலகச் சதுரங்க வாகையர் போட்டியின் பதினான்காவது ஆட்டம் நடைபெற்றது. நடப்பு வாகையர் சீனாவின் டிங் லிரென் வெள்ளைக் காய்களுடனும், சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது குகேஷ் கறுப்புக் காய்களுடனும் ஆடினர். அதுவரை இருவரும் சமப்புள்ளிகளில் இருந்தனர். ஆட்டம் சமனில் முடியும் என்றே கண்டோர் பலரும் கருதினர். ஐம்பத்தைந்தாவது நகர்வில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். பிற நாளில் அவர் எளிதில் தவிர்த்திருக்கக்கூடிய பிழை அது. குகேஷ் அதனைக் கண்டுகொண்டார். 7.5 - 6.5 என்னும் புள்ளிகளில் வென்று, இளம் வயதிலேயே உலக வாகையரானார்.

இத்தொடரின் முதல் ஆட்டத்தில் தோற்றவர் குகேஷ். பதினொன்றாம் ஆட்டத்தில் வென்று முன்னிலை பெற்று, அடுத்த ஆட்டத்திலேயே அதனை இழந்தவரும் அவரே. தோல்விக்குப் பின் மீண்டெழும் ஆற்றலைப் பெற, மனப்பயிற்சியாளர் பேடி அப்டனுடன் அவர் முன்னதாகவே பயின்றிருந்தார். திறப்பு நகர்வுகளைப் பயில்வது போலவே உள்ளத்தையும் பயிற்றவேண்டும் என்னும் எண்ணம் இன்று உயர்நிலை ஆட்டங்களில் இயல்பாகிவிட்டது.

பொய்வெளியில் மெய்ப்பயிற்சி

களத்தின் அழுத்தத்தைக் களத்துக்குச் செல்லும் முன்னரே எவ்வாறு பழகுவது? இவ்வினாவிற்கு முதலில் விடை கண்டோர் வானூர்தித் துறையினர். அமெரிக்காவின் எட்வின் லிங்க் 1929ஆம் ஆண்டில் தரையிலேயே அசைந்து சாயும் பயிற்சி விமானத்தை உருவாக்கினார். தொடக்கத்தில் அதனைப் பலர் விளையாட்டுப் பொருளாகவே கருதினர். 1934ஆம் ஆண்டில் அஞ்சல் சுமந்து சென்ற இராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து உயிரிழந்தனர். கருவிகளை மட்டும் நம்பி விமானத்தைச் செலுத்தும் பயிற்சி அவர்களிடம் போதாமல் இருந்தது. அதன்பின் அமெரிக்க இராணுவம் அப்பயிற்சிக் கருவிகளை வாங்கியது. உயிரை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் அது.

இன்றைய மெய்நிகர் கருவி அதன் வளர்ச்சி நிலை. தலையில் அணியும் கருவி இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டுகிறது. மூளை அவற்றை இணைத்து ஆழமுள்ள ஓர் உலகமாக உணர்கிறது. தலை திரும்பும்போது உணரிகள் அவ்வசைவை அறிந்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் காட்சியையும் திருப்புகின்றன. இம்மாற்றம் சற்றுத் தாமதமானாலும் தலைச்சுற்றலும் குமட்டலும் தோன்றும். சென்னை ஐ.ஐ.டி.யின் தொடுவுணர்வு ஆய்வகம், மெய்நிகர் பொருளைத் தொடும்போது கையும் அதனை உணருமாறு செய்யும் வழிகளை ஆராய்ந்து வருகிறது.

மெய்நிகர் உலகின் வியப்பு, அது பொய் என அறிந்தும் உடல் அதனை மெய் என ஏற்பதே. தரை உறுதியாக இருப்பதை அறிந்த ஒருவரும், மெய்நிகர் பள்ளத்தின் விளிம்பில் நிற்கும்போது இதயம் படபடக்க நிற்கிறார். அதனால் அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்க முடிகிறது. மூடுபனியில் மலைவளைவைக் கடக்கும் பயிற்சியை ஓட்டுநருக்கு எவ்வுயிருக்கும் தீங்கின்றி நூறு முறை அளிக்கலாம். தடுப்பூசி நோயின் சிறு சாயலைத் தந்து உடலைக் காப்பது போல, அளவான அழுத்தம் உள்ளத்தைக் காக்கிறது.

அறுவை அரங்கின் சான்று

பயிற்சியறையில் பெற்ற திறன் களத்திற்குச் செல்கிறதா என்பதே இறுதி உரைகல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடைபெற்று 2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, இதற்கு ஒரு தெளிவான விடையைத் தந்தது. பதினாறு பயிற்சி அறுவை மருத்துவர்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வழக்கமான பயிற்சியோடு மெய்நிகர் கருவியிலும் பயின்றனர். தேர்ந்த மருத்துவர்கள் அக்கருவியில் எட்டிய தரத்தை அடையும்வரை அவர்கள் பயிற்சியை விடவில்லை. பின்னர் இரு பிரிவினரும் உண்மையான நோயாளிகளுக்குப் பித்தப்பை அறுவை செய்தனர். யார் எப்பிரிவினர் என அறியாத மருத்துவர்கள் அவற்றின் பதிவுகளை மதிப்பிட்டனர். மெய்நிகர் பயிற்சி பெற்றோர் 29 விழுக்காடு விரைவாகச் செய்தனர். பயிற்சி பெறாதோர் பித்தப்பையைக் காயப்படுத்தவோ பிற திசுக்களைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்புடையோராய் இருந்தனர்.

இவ்வாய்வில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. அப்பயிற்சி இத்தனை மணி நேரம் என வரையறுக்கப்படவில்லை. இத்தகைய தேர்ச்சி என வரையறுக்கப்பட்டது. அடிப்படை அசைவுகள் கருவியிலேயே தன்னியல்பாகிவிட்டதால், அறுவை அரங்கில் அவர்களது கவனம் நோயாளியின்பால் செல்ல வழி பிறந்தது. 2022ஆம் ஆண்டு சனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் தொடங்கி வைக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளுள் கள்ளக்குறிச்சியும் ஒன்று. உளிக்குப் பெயர்பெற்ற மண்ணில் அறுவைக்கத்தி ஏந்தும் கைகளும் இனி உருவாகும். இரண்டு கருவிகளும் திரும்பப் பெற முடியாத செயலுக்குரியவை.

மெய்நிகரின் எல்லை

எனினும், மெய்நிகர் பயிற்சி ஆசானுக்கு மாற்றாகிவிடாது. தேக்கின் உறுதியும், வேம்பின் இயல்பும், ரேகைக்கு எதிராகச் சென்ற உளி திடீரெனச் சிக்கும் உணர்வும் இன்றைய கருவிகளில் முழுமையாகக் கிட்டுவதில்லை. கருவியில் பழகிய தவறான அசைவு களத்திலும் தொடரக்கூடும். திரும்பத் தொடங்கிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் பொறுப்புணர்வைத் தளர்த்தவும் கூடும். படிகளின் வரிசையையும் கண்ணின் தேர்வையும் இடரை எதிர்கொள்ளும் நிதானத்தையும் கருவி கற்பிக்கலாம். மரத்தை மரமே கற்பிக்க வேண்டும்.

கருவியின்றியும் கைக்கொள்ளத்தக்க வழிகள் உண்டு. பொதுத்தேர்வும் ஓர் அவையே. களத்தைப் போலவே நேரம் வரையறுத்து எழுதிப் பழகுவது, அவ்வறையின் அச்சத்தைப் பழகிய ஒன்றாக்குகிறது. தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தம் கவலைகளை ஒரு தாளில் எழுதிய மாணவர்கள், எழுதாதோரைவிடச் சிறப்பாகச் செய்ததை 2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தாளில் இறக்கிவைத்த கவலை, நினைவில் இடம் கேட்பதில்லை. படபடக்கும் இதயத்தைத் தோல்வியின் அறிகுறியாகக் கொள்ளாமல், உடல் செயலுக்கு ஆயத்தமாகிறது எனக் கொள்வதும் நலம் பயக்கும்.

வெள்ளிமலைச் சிற்றூரிலிருந்து இறங்கிவந்து தேர்வறையில் அமரும் மாணவிக்கும், கண்ணைச் செதுக்க உளியை எடுக்கும் சிற்பிக்கும் அந்தக் கணத்தில் வேண்டுவது ஒன்றே. கற்றதைக் கை அறியும். அதனை அதன் வழியில் விட வேண்டும். கண் கோட்டில் நிற்க வேண்டும். அடி விழுந்தபின் மரம் திரும்பாது என்பதை அறிந்தும் அமைதியாய் விழும் அடியில்தான் சிற்பத்தின் கண் திறக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள கைவினைஞர் ஒருவரைச் சந்தித்து, அவரது தொழிலில் மிகுந்த கவனம் வேண்டும் கட்டம் எது எனக் கேட்டறிந்து எழுதுக.

2. 'மெய்நிகர் பயிற்சி ஆசானுக்கு மாற்றாகுமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்ற ஆண்டு
அ) 1999 ஆ) 2002 இ) 2019 ஈ) 2021

2. தேர்ந்த ஆட்டக்காரர் தம் கையசைவிலேயே கவனம் வைத்தால் அவரது ஆட்டம்
அ) சிறக்கும் ஆ) தாழும் இ) மாறாது ஈ) விரைவுபெறும்

குறுவினா

1. மரச்சிற்பத்தின் இரக்கமற்ற விதி எனக் கூறப்படுவது யாது?

2. சதாவதானம் - குறிப்பு வரைக.

சிறுவினா

1. அழுத்தம் கவனத்தை எவ்விரு வகைகளில் திசைதிருப்புகிறது?

2. யேல் பல்கலைக்கழக ஆய்வில் பயிற்சி எவ்வாறு வரையறுக்கப்பட்டது? அதன் பயன் யாது?

நெடுவினா

'கற்கும்போது உதவிய ஊன்றுகோல், கற்றபின் காலை இடறிவிடுகிறது' - இக்கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளுடனும் உங்கள் பட்டறிவுடனும் விளக்குக.